காது சாரின் சுத்தமான தட்டு

தெருவில் அவருக்கு மயிர் டாக்டர் என்று பெயர். ஆய்வகத்தில் காது சார். இரண்டையும் யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்வதில்லை, அதனால் அவருக்குத் தெரியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நன்றாகவே தெரியும். முதல் பெயரை நினைத்தால் எரிச்சல் வரும், இரண்டாவதை நினைத்தால் உள்ளுக்குள் குளிரும்.

மயிர் டாக்டர் ஆனதற்கு அவர் வாய்தான் காரணம். குடிவந்த புதிதில் எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரு மரியாதைக்கு "என்ன வேலை பாக்குறீங்க சார்?" என்று கேட்டார். ஆராய்ச்சி என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அந்தப் பழக்கம் அவரிடம் கிடையாது. காதுக்குள்ளே இருக்கிற மயிர் செல்லைத் தான் ஆய்வகத்தில் வளர்ப்பதாக ஆரம்பித்து, தையல்காரர் கையிலிருந்த துணி கசங்கிப்போகும்வரை விடவில்லை. அவ்வளவு நீளப் பேச்சில் அந்த மனிதர் மனதில் தங்கியது "வளர்க்கிறார்" என்பது மட்டும்தான். மறுநாள் தொப்பியைக் கழற்றித் தன் உச்சந்தலையைக் காட்டி, "இதுக்கு ஏதாவது வழி உண்டா சார்?" என்றார். வழி சொல்ல வேண்டியவரின் தலையோ துடைத்துவைத்த கண்ணாடி. தனக்கே வளர்த்துக்கொள்ளத் தெரியாதவர் ஊருக்கு என்ன வளர்க்கப் போகிறார் என்று தெரு அன்றே முடிவு கட்டிவிட்டது.

உள்ளதைச் சொன்னால், அவர் செய்வது பெரிய வேலைதான். காதின் உள்ளே, நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஒரு குழாயில், ஆயிரக்கணக்கில் இந்தச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கொத்து. ஒலி வந்தால் கொத்து அசைகிறது, அசைந்தால் மூளைக்குச் செய்தி போகிறது. அதைத்தான் கேட்பது என்கிறோம். மனிதனுக்கு அவை செத்தால் செத்ததுதான், மறுபடி முளைக்காது. கோழிக்கு முளைக்கும். இந்தக் கோழி விஷயத்தை அவர் எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்லாமல் விட்டதில்லை. ஒருமுறை அவருடைய மனைவியின் தம்பி, "அப்ப நாமெல்லாம் அவசரப்பட்டு மனுஷனாப் பொறந்துட்டோம்னு சொல்லுங்க அத்தான்" என்றான். அதிலிருந்து அவனிடம் பேச்சு அளவோடுதான்.

ஆனால் காதின் மேல் அவருக்குப் பிறவியிலேயே காதல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார், இடம் கிடைக்கவில்லை. உயிரியல் படித்தார். ஆராய்ச்சிக்கு வந்தபோது இதயத்தை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார், கண்ணை இன்னொருவர், மூளைக்குப் பெரிய வரிசை. காதுப் பிரிவு மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. உட்கார்ந்தார். உட்கார்ந்த இடமே பிறகு லட்சியமாகிவிட்டது. பாதிப் பேருடைய லட்சியம் இப்படித்தான் பிறக்கிறது.

எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல்லை எடுத்து, குழிகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டில் ரோஸ் நிறத் திரவத்தில் மிதக்கவிட்டு, உடம்பின் சூட்டிலேயே ஒரு பெட்டியில் வைத்து மாதக்கணக்கில் காப்பாற்ற வேண்டும். வாரத்துக்கு வாரம் ஊட்டம் மாற்ற வேண்டும். எல்லாம் கூடிவந்தால் கடுகளவு உருண்டைகள் திரளும். அந்த உருண்டைக்குள் ஒரு மூலையில் கொஞ்சம் மயிர் செல் முளைக்கும். உயிரோடு இருந்தால் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருப்பார்கள். ஒளியைப் பார்த்தால் அன்றைக்கு ஆய்வகத்தில் இனிப்பு. பெரும்பாலான நாட்களில் இனிப்பு கிடையாது.

காது கேட்காதவர்களின் வீட்டார் அவரைத் தேடி வருவார்கள். எத்தனை நாளில் மருந்தாக வரும் சார் என்பார்கள். "அஞ்சு வருஷம்" என்பார். தலைமுடி இருந்த காலத்திலும் அதையேதான் சொன்னார். கேட்டவர்களுக்கும் அது போதுமாக இருந்தது, பத்து வருஷம் என்றால் நம்பிக்கை போய்விடும், ஒரு வருஷம் என்றால் திரும்பி வந்து நிற்பார்கள். ஐந்து என்பது நல்ல எண்.

அந்த எண்ணை அதிக நாள் நம்பியவள் அவருடைய மனைவி.

அவள் பள்ளிக்கூட ஆசிரியை. நாற்பதைத் தாண்டியதும் காது மந்தமாக ஆரம்பித்தது. முதலில் மணிச்சத்தம், அப்புறம் குக்கர், அப்புறம் பிள்ளைகளின் பதில்கள். வாய்மொழித் தேர்வில் பிள்ளைகள் என்ன சொன்னாலும் தலையாட்டி முழு மதிப்பெண் போட்டாள். பெற்றோர் மகிழ்ந்தார்கள். தலைமை ஆசிரியர்தான் கண்டுபிடித்துவிட்டார். அவமானப்பட்டு வெளியே போவதற்குமுன் அவளாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"ஒரு காது மெஷின் வாங்கிப் போட்டுக்கிறேங்க. அடுத்த தெருவுல டெஸ்ட் பண்ணித் தர்றாங்களாம்" என்று அப்போதே கேட்டாள்.

"மெஷின் போட்டா காது சோம்பேறி ஆயிடும்" என்றார் காது சார்.

இது பச்சைப் பொய். ஒரு மாணவன் இப்படித் தேர்வில் எழுதியிருந்தால் சிவப்பு மையால் கிழித்திருப்பார். உண்மை நேர் எதிர்: ஒலி போகாமல் வருஷக்கணக்கில் விட்டால் மூளை சொற்களைப் பிரித்தறியும் பழக்கத்தையே இழந்துவிடும். அவரே வகுப்பில் படம் போட்டு விளக்குகிற பாடம் அது. ஆனால் காது சாரின் மனைவி காதில் மெஷின் மாட்டிக்கொண்டு ஆய்வகத்து விழாக்களில் நின்றால் ஊர் என்ன பேசும்? வீட்டில் இருக்கிற ஒரு காதுக்கு வழி இல்லை, இவர் உலகத்துக்கே காது வளர்க்கிறாராம் என்று பேசாதா? இந்தக் கவலையை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்குப் புரியாது என்பதல்ல, உடனே புரிந்துவிடும் என்பதுதான் காரணம்.

ஆகவே காதும் காதும் வைத்த மாதிரி ஒரு ஏற்பாடு அமைந்தது. வெளியே போனால் அவள் பக்கத்திலேயே ஒட்டி நிற்பார். அவளிடம் யாராவது ஏதாவது கேட்டால் இவர் பதில் சொல்வார். "அவங்களுக்குத் தலைவலி", "அவங்க சாப்பிட்டாச்சு", "அவங்களுக்கு இந்த நிறம் பிடிக்கும்". எவ்வளவு அன்பான கணவர் என்று பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். அவள் சிரித்த முகமாக நிற்பாள். நாள்போக்கில் அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பதையும் அவரே தீர்மானித்துவிட்டார்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அம்மாவின் காது இவ்வளவு மோசம் என்று அவளிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை. காது சார் கூடத்தில் உட்கார்ந்து ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். சமையலறையில் தாய் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், மகள் அவள் முதுகுப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றாள். "அம்மா, என்னால அங்க இருக்க முடியலைம்மா" என்று தணிந்த குரலில் ஆரம்பித்தாள். ஏதேதோ சொன்னாள். சொல்லி அழுதாள். தாய் திரும்பவில்லை, குழாயைத் திறந்து தட்டுகளை அலசிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அம்மாவும் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாளே என்று மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பெட்டியை எடுத்தாள். அவ்வளவையும் காது சார் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய் மனைவியின் தோளைத் தொட்டிருக்கலாம். அம்மாவுக்குக் கேட்கவில்லை என்று மகளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், இவ்வளவு மோசமாகும்வரை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவள் கேட்பாள். அவர் திருத்திக்கொண்டிருந்த தாளைத் திருப்பினார்.

ஆனால் அதை ஒரேயடியாக மூடிவைக்க அவரால் முடியவில்லை. மகள் போன் எடுப்பதை நிறுத்தியதும் மனைவி துளைத்தெடுத்தாள். பாதியைச் சொன்னார். மீதியை அவளே புரிந்துகொண்டாள். அன்றைக்கு அவள் சத்தம் போடவில்லை.

"எம்பொண்ணு மெல்லப் பேசினா எனக்குக் கேக்கணும்" என்றாள். "அவ கத்திச் சொல்ற விஷயம் இல்லையே அது. நாளைக்கே மெஷின் வாங்கப் போறேன்."

"அடுத்த வாரம் நமக்குப் பணம் குடுக்கிற அறக்கட்டளைக்காரங்க வர்றாங்க. நம்ம ஆராய்ச்சி தொடரணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறாங்க. குடும்பத்தோட வரச் சொல்லியிருக்காங்க. அது மட்டும் முடியட்டும். மறுநாளே நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. இத்தனை வருஷம் பொறுத்தவள் ஒரு வாரம் பொறுக்க மாட்டாளா என்ற கணக்கு சரியாகவே வேலை செய்தது.

அந்த வாரம்தான் தட்டு கலங்கியது.

விருந்தினருக்குக் காட்ட மூன்று தட்டுகள் தயாராக இருந்தன. பச்சை ஒளி அபாரமாக வந்திருந்தது. வெள்ளிக்கிழமை அவற்றில் ஒன்றில் ரோஸ் நிறத் திரவம் மஞ்சளாகிக் குழம்பிவிட்டது. கிருமி. எங்கிருந்தோ நுழைந்துவிட்டது. வழக்கமாகப் போடுகிற மருந்து திரவத்தில் ஏற்கெனவே இருந்தும் அதை மதிக்காத கிருமி. அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டார்கள். மீதி இரண்டும் தெளிவாகத்தான் இருந்தன. ஆனால் பெட்டி ஒன்றே. கிருமி அடுத்த தட்டுக்குத் தாவாது என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்?

கிருமியை ஒழிக்க வலுவான மருந்து உண்டு. பக்கத்து அறையில் தோல் செல் வளர்ப்பவர்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் காது செல்லுக்கு அது விஷம். கிருமியைக் கொல்லும், கூடவே மயிர் செல்லையும் பார்த்துப் பார்த்துக் கொல்லும். மற்றச் செல்களைத் தொடவே தொடாது. அதே மருந்தை ஊசியாகப் போட்டு உயிர் பிழைத்துக் காதைப் பறிகொடுத்தவர்கள் உலகமெங்கும் உண்டு. ஆய்வகத்துக்கு வருகிற எந்தப் புதுமுகத்துக்கும் காது சார் நடத்துகிற முதல் பாடமே இதுதான். "அந்தப் பாட்டில் இந்த வாசலைத் தாண்டி உள்ள வந்தா, கொண்டுவந்தவங்க வெளிய போகணும்" என்று தன் கைப்படவே எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆள் இல்லாத நேரத்தில், அந்தக் கதவைத் தாண்டி அவரே கொண்டுவந்தார்.

பயம் வந்துவிட்டால் படித்த படிப்பு வக்கீலாக மாறிவிடும். அவர் கட்சிக்கு அது நன்றாகவே வாதாடியது. செல்கள் உருண்டைக்கு உள்ளே அல்லவா இருக்கின்றன, மருந்து அங்கே போய்ச் சேர நேரமாகும். கொஞ்சமாகத்தான் விடப்போகிறோம். நாளைக் காலையில் வந்ததும் கழுவி எடுத்துவிடலாம். விட்டார். மறுநாள் காலையில் வந்ததும் விழா மேடை எங்கே போடுவது, நாற்காலிக்கு உறை வெள்ளையா நீலமா, வரவேற்பில் யார் முதலில் நிற்பது என்று நிர்வாகம் இழுத்துக்கொண்டது. உறை விஷயத்தில் அவர் நீலத்துக்காகக் கடைசிவரை போராடினார். தட்டின் நினைவு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த ஆராய்ச்சி மாணவி தலையைத் தூக்கவில்லை. அவள் அந்தத் தட்டுகளைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டவள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு பச்சையாக ஒளிர்ந்த இடத்தில் இருட்டு. கிருமி ஒன்றுகூட இல்லை. திரவம் ரோஜாப்பூ மாதிரித் தெளிவு. மயிர் செல் மட்டும் இல்லை.

"சார், யாரோ அந்த மருந்தை விட்டிருக்காங்க" என்றாள்.

"யாரு? யாருக்கு இவ்வளவு தைரியம்?" என்று காது சார் குதித்தார். அந்தக் கோபம் நடிப்பல்ல என்பதுதான் வேடிக்கை, அந்தக் கணத்தில் அவருக்கே அந்த அயோக்கியன் மேல் ஆத்திரமாக இருந்தது. "விழா முடியட்டும், விசாரணை வைக்கிறேன். ஒருத்தரையும் விட மாட்டேன்."

மாணவி குப்பைக்கூடைக்குள் கிடந்த சிறு குப்பியைப் பார்த்தாள், தோல்காரர்களின் மஞ்சள் மூடி போட்டது. பிறகு அவரைப் பார்த்தாள். அவளுடைய ஆய்வுக்கு இன்னும் அவர் ஒப்புதல் தர வேண்டும். "சரி சார்" என்றாள்.

விருந்தினர்கள் வந்தார்கள். அறக்கட்டளையின் தலைவி அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள், முடியைத் தூக்கிக் கட்டியிருந்தார். இரண்டு காதுகளிலும் சிவப்பு நிறத்தில் இரண்டு மெஷின்கள், நாலு பேர் பார்க்கட்டும் என்றே வாங்கியது போலப் பளிச்சென்று உட்கார்ந்திருந்தன. இத்தனை வருஷமும் யார் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று மனைவியின் காதை மூடி மறைத்தாரோ, அந்தக் கண்களுக்குச் சொந்தக்காரரே மெஷின் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

தலைவி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். சாதாரண வெளிச்சத்தில் உருண்டைகள் தெரிந்தன. பக்கத்துத் திரையில் பச்சை ஒளி ஜொலித்தது. அது போன மாதம் எடுத்த படம். காது சார் அதை இன்றைய படம் என்று சொல்லவில்லை. போன மாதத்தது என்றும் சொல்லவில்லை. "பாருங்கள்" என்றார், அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு சொல்லே போதும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க!" என்றார் தலைவி. எல்லோரும் கைதட்டினார்கள். செத்த செல்களுக்கு இப்படிக் கைதட்டல் கிடைத்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல்தடவை.

பிறகு தலைவி காது சாரின் மனைவியிடம் திரும்பி ஏதோ கேட்டார். "ஆமாங்க, அவங்களுக்கு ரொம்பப் பெருமை" என்று காது சார் முந்திக்கொண்டார். தலைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். செவிட்டுத்தன்மையைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மனைவியின் முகத்துக்கு நேராக வந்து நின்று, உதடு தெரியும்படி நிதானமாக, "நீங்க மெஷின் போடலையா?" என்றார்.

மனைவிக்குப் புரிந்தது. "இவர் வளர்த்துக் குடுப்பாருன்னு காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

நல்ல நகைச்சுவை என்று கூட்டமே சிரித்தது. தலைவி சிரிக்கவில்லை. தன் கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மனைவியின் கையில் வைத்து மூடினார்.

அட்டையில் இருந்த முகவரிக்கு மறுநாள் போனார்கள். வாக்குக் கொடுத்துவிட்டதால் காது சாரும் போக வேண்டியிருந்தது. கேட்கும் திறனைச் சோதிக்கிற பெண்ணுக்கு வயது முப்பது இருக்கும், வளவளப் பேச்சு கிடையாது. சத்தம் புகாத சிறிய அறையில் மனைவியை உட்காரவைத்தாள். மெஷினை மாட்டினாள். தன் வாயை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு சொற்களைச் சொன்னாள், மனைவி திருப்பிச் சொல்ல வேண்டும். "படம்" என்றாள். மனைவி "பழம்" என்றாள். "கூடை" என்றாள். மனைவி தயங்கினாள்.

"கூடை" என்றார் காது சார், பழக்க தோஷத்தில்.

"சார், நான் அவங்களைக் கேட்டேன். வெளிய உட்காருங்க."

வெளியே காத்திருப்போர் வரிசை நிறைந்திருந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சோதித்த பெண் மனைவியையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்காரவைத்தாள். "சார், சத்தம் நல்லாவே போகுது. ஆனா சொல்லு பிரியலை. பக்கத்துல நின்னு உரக்கப் பேசினா மெஷினோட சமாளிச்சுடலாம். மெல்லப் பேசுறது இனி கஷ்டம்தான். ரொம்ப வருஷம் விட்டுட்டீங்க. அப்பவே வந்திருந்தா இந்த நிலைமை வந்திருக்காது. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

காது சார் மறுபடி சுவரைப் பார்த்தார். மனைவியைக் கேட்ட கேள்விகளுக்குத்தான் அவருக்குப் பதில் சொல்லிப் பழக்கம்.

மெஷினை அளவு பார்க்கக் கழற்றிவிட்டிருந்தார்கள். மனைவி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னங்க சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல, வீட்டுல போய்ச் சொல்றேன்."

"கேக்கலை. என்ன?"

"மெல்லப் பேசினா இனிமே கேக்காதாம்" என்றார் காதருகே குனிந்து.

"சத்தமாச் சொல்லுங்க."

"மெல்லப் பேசினா கேக்காதாம்!" காத்திருந்தவர்களில் இரண்டு பேர் நிமிர்ந்தார்கள்.

அவள் முகம் விழுந்தது. அவர் மனைவி முகத்தை ஏறிட்டுப் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. "ஏன்? எதனால?"

அவர் முணுமுணுத்தார்.

"கேக்கலைங்க."

"லேட் ஆயிடுச்சாம்!"

"நான்தான் அப்பவே கேட்டேனே. யாரால லேட் ஆச்சு?"

இப்போது வரிசை முழுவதும் பார்த்தது. கேட்கும் சக்தி கொஞ்சமாவது மிச்சமிருந்த அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அவர் தாழ்ந்த குரலில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். இன்னொரு முறை சொன்னார். அதற்கும் அசைத்தாள். வேறு வழியில்லை, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினார்.

"என்னாலதான்! ஊரு சிரிக்கும்னு நான்தான் உன்னை மெஷின் போட விடலை! காது சோம்பேறி ஆயிடும்னு சொன்னது பொய்! அன்னைக்கு நம்ம பொண்ணு அழுததை நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்!"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"இது கேட்டுச்சு" என்றாள். "இதையே அவளுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. இவ்வளவு கத்த வேணாம். அவளுக்கு நல்லாக் காது கேக்கும்."